7. கிட்டார் பெடல்: கட்டுவதும் பழுது பார்ப்பதும்

கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில், வாசிப்பவரின் காலடியில் இருக்கும் சிறு பெட்டிதான் எஃபெக்ட்ஸ் பெடல். கிட்டாரின் பிக்அப் தரும் மின்னழுத்தம் பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் கீழேதான். பெடல் அதை வாங்கி, பெருக்கியோ முனையை வெட்டியோ தாமதப்படுத்தியோ ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. 1962இல் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெடலுக்குள் மூன்று டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1966இல் லண்டனில் வெளிவந்து ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் புகழ்பெற்ற ஃபஸ் ஃபேஸில் இரண்டே. அமெரிக்காவின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1960களின் கடைசியில் கொண்டுவந்த எல்பிபி-1 பூஸ்டருக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது. உள்ளே இருக்கும் சாமான் அவ்வளவு குறைவு என்பதால்தான் வீட்டு மேசையில் பெடல் கட்டும் பழக்கம் உலகெங்கும் பரவியது. மும்பையின் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் போன்று, கையால் பெடல் கட்டுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் இந்தியாவிலும் உண்டு.

திருவாண்டார்கோயில், திருபுவனை, மதகடிப்பட்டு என விழுப்புரம் சாலையோரம் இருக்கும் ஊர்களில் கோயில் திருவிழாவுக்கு வாசிக்கும் மெல்லிசைக் குழுக்காரருக்கும், தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் பிடிப்பவருக்கும் இந்தக் கைவேலை இரண்டு வகையில் உதவும். இறக்குமதிப் பெடலின் விலை பல ஆயிரம் ரூபாய் என்பது ஒன்று. கச்சேரிக்கு முந்தின நாள் பெடல் நின்றுபோனால் எடுத்துக்கொண்டு ஓடப் பக்கத்தில் ஆள் இல்லை என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய காரணம். ஒரு பெடலைத் தானே கட்டியவருக்கு மற்றவற்றைத் திறந்து பார்க்கும் தைரியம் வந்துவிடும்.

கட்டப்போவது என்ன

இந்த அத்தியாயத்தில் கட்டப்படுவது எல்பிபி-1 வழிவந்த ஒற்றை டிரான்சிஸ்டர் பூஸ்டர். அதன் வெளியீட்டில் இரண்டு டயோடுகளையும் ஒரு சுவிட்சையும் சேர்த்தால் அதே பெட்டி டிஸ்டார்ஷன் பெடலாகவும் வேலை செய்யும். ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கம் கிடைக்கும்.

தெரிந்திருக்க வேண்டிய தத்துவம் இவ்வளவே. டிரான்சிஸ்டரின் பேஸில் வரும் சிறு அசைவு கலெக்டரில் பெரிய அசைவாகிறது. அந்த அசைவு மேலும் கீழும் தாராளமாக ஆட வேண்டுமானால், கலெக்டர் சும்மா இருக்கும்போது பேட்டரி அழுத்தத்தின் பாதிக்கு அருகில் நிற்க வேண்டும். டயோடுகள் சுமார் 0.6 வோல்ட்டுக்கு மேல் போகும் அலையின் தலையை வெட்டிவிடும். அந்த வெட்டுதான் காதில் டிஸ்டார்ஷனாகக் கேட்கிறது.

தேவையான சாமான்கள்

- டிரான்சிஸ்டர்: பிசி547 அல்லது பிசி549, ஒன்று (கூடுதலாக இரண்டு வாங்கி வைப்பது நல்லது)
- ரெசிஸ்டர், கால் வாட்: 1 மெகா ஓம், 470 கே, 47 கே, 10 கே, 4.7 கே, 390 ஓம், தலா ஒன்று
- கெப்பாசிட்டர்: 0.1 மைக்ரோ ஃபாரட் இரண்டு (மேலே 104 என்று அச்சிட்டிருக்கும்). 100 மைக்ரோ ஃபாரட் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று
- டயோடு: 1என்4148 இரண்டு, 1என்5819 ஒன்று
- 100 கே லாக் வகை வால்யூம் கன்ட்ரோல்
- 6.35 மி.மீ. சாக்கெட்: உள்ளீட்டுக்கு ஸ்டீரியோ, வெளியீட்டுக்கு மோனோ
- காலால் அழுத்தும் 3பிடிடி சுவிட்ச், சிறு டாகிள் சுவிட்ச், சிவப்பு எல்ஈடி
- 9 வோல்ட் பேட்டரி, அதற்கான கிளிப், பிளாஸ்டிக் உடல் கொண்ட டிசி சாக்கெட்
- பிரெட்போர்டு, புள்ளித் துளைகள் கொண்ட ஜிபி போர்டு, மெல்லிய வயர்
- உலோகப் பெட்டி

கருவிகளில் 25 வாட் சால்டரிங் அயர்ன், ரோசின் உள்ள 60/40 ஈயக் கம்பி, டிஜிட்டல் மல்டிமீட்டர், சிறு கட்டர், டிரில் ஆகியவை போதும்.

ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் போன்றவை புதுச்சேரி, விழுப்புரம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். 3பிடிடி சுவிட்சும் நல்ல 6.35 மி.மீ. சாக்கெட்டும் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும், அல்லது தபாலில் வரவழைக்க வேண்டும். விழுப்புரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கினால் ரிச்சி தெரு பக்கம்தான். ஞாயிறன்று அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் வார நாளில் போவது மேல். 3பிடிடி கிடைக்காவிட்டால் டிபிடிடி சுவிட்சைப் போட்டு எல்ஈடியை விட்டுவிடலாம். ஒலியில் வித்தியாசம் இருக்காது.

பழைய ரேடியோ, டிவி போர்டுகளிலிருந்து கழற்றிய ரெசிஸ்டர்களை அளந்து பார்த்துப் பயன்படுத்தலாம். பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை மட்டும் தொடக்கூடாது. அவை உள்ளே காய்ந்து போயிருக்கும்.

பெட்டி விஷயத்தில் வார்ப்பு அலுமினியப் பெட்டிதான் சிறந்தது. கிடைக்காத ஊரில் எலக்ட்ரிகல் கடையில் சுவிட்ச் போர்டுக்கு விற்கும் ஜி.ஐ. பெட்டி நன்றாகவே உழைக்கும். அதற்கு ஒரு தகர மூடி வெட்டிப் போட வேண்டும். எவர்சில்வர் டப்பா பார்க்க அழகு, ஆனால் துளை போடுவது பெரும்பாடு. பிளாஸ்டிக் டப்பா வேண்டவே வேண்டாம். சுற்றியுள்ள மின்சார இரைச்சல் முழுவதும் உள்ளே புகும்.

தொடங்கும் முன்: பாதுகாப்பு

இந்தச் சுற்றுக்கு 9 வோல்ட் போதும். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை எந்த வடிவிலும் பெட்டிக்குள் கொண்டுவரக் கூடாது. கெப்பாசிட்டரை மட்டும் வைத்து வோல்ட்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத சப்ளையை எல்ஈடி பல்புக்குள் பார்த்துவிட்டு அதைப் பெடலில் வைக்க நினைப்பது உயிருக்கு ஆபத்து. கிட்டாரின் கம்பிகள் பெடலின் கிரவுண்டோடு இணைந்திருக்கின்றன, வாசிப்பவரின் விரல்களோ கம்பியின் மேல் இருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

சால்டரிங் அயர்ன் முனை 300 டிகிரியைத் தாண்டும்; தாங்கியில்லாமல் மேசையில் வைக்கக் கூடாது. ரோசின் புகையை முகத்துக்கு நேரே வாங்காமல் ஜன்னலோரம் உட்கார வேண்டும். கம்பியில் ஈயம் இருப்பதால் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொட வேண்டும். உலோகத்தில் துளையிடும்போது பெட்டியைக் கையால் பிடிக்காமல் பட்டறைப் பிடியில் இறுக்கி, கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். டிரில் மாட்டிக்கொண்டால் தகரம் விசிறிபோல் சுழன்று விரலை அறுத்துவிடும்.

முதல் கட்டம்: பிரெட்போர்டில் கட்டிப் பார்த்தல்

ஈயம் வைக்காமல் கட்டிப் பார்க்க உதவும் பிரெட்போர்டைத் தாண்டி நேராக ஜிபி போர்டுக்குப் போகிறவர்கள் அதிகம். பிறகு பழுது தேடுவதில் அவர்கள் இழக்கும் நேரமும் அதிகம்.

1. ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரில் அளந்து, மதிப்பை ஒரு காகிதத் துண்டில் எழுதி அதன் கீழே ஒட்டி வைக்க வேண்டும். 470 கே என்றால் மஞ்சள், ஊதா, மஞ்சள். 47 கே என்றால் மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. குழல் விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இந்தப் பெடலில் நடக்கும் தவறுகளில் முதலிடம் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதற்குத்தான்.
2. பிசி547இன் தட்டையான முகத்தை நம் பக்கம் திருப்பி, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904, 2என்5088 போன்ற அமெரிக்க வகைகளில் இந்த வரிசை தலைகீழ். வெளிநாட்டு வரைபடத்தைப் பார்த்துக் கட்டுபவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.
3. 9 வோல்ட் வரிசையிலிருந்து பேஸுக்கு 470 கே, பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 47 கே.
4. 9 வோல்ட் வரிசையிலிருந்து கலெக்டருக்கு 10 கே, எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 390 ஓம்.
5. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து 1என்5819 வழியாக 9 வோல்ட் வரிசைக்கு இணைப்பு. டயோடின் கோடு போட்ட பக்கம் வரிசையை நோக்கி இருக்க வேண்டும். வரிசைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 மைக்ரோ ஃபாரட்; அதன் உடலில் வெள்ளைக் கோடு உள்ள கால் கிரவுண்டுக்கு.

இங்கே நிறுத்தி அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில் இருக்க, சிவப்பு முனையில் கிடைக்க வேண்டிய அளவுகள்:

- 9 வோல்ட் வரிசை: 8.5 முதல் 9.3 வோல்ட்
- பேஸ்: 0.7 முதல் 0.85 வோல்ட்
- எமிட்டர்: 0.1 முதல் 0.25 வோல்ட்
- கலெக்டர்: 3.5 முதல் 6 வோல்ட்

எமிட்டரில் 0.2 வோல்ட் என்றால் 390 ஓம் வழியாக அரை மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். அதே அரை மில்லி ஆம்பியர் 10 கே வழியாகவும் ஓடி அங்கே 5 வோல்ட்டை இழக்கிறது. மீதி 4 வோல்ட் கலெக்டரில் நிற்கிறது. இந்த ஒரு கணக்கு கைக்கு வந்துவிட்டால் பாதிப் பழுதுகளை மேசையை விட்டு எழாமலே கண்டுபிடிக்கலாம்.

6. அளவு சரியாக இருந்தால் உள்ளீட்டிலிருந்து 104 கெப்பாசிட்டர் வழியாகப் பேஸுக்கு இணைப்பு. உள்ளீட்டிலிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். சுவிட்சை மிதிக்கும்போது வரும் 'டப்' ஓசையைக் குறைப்பது இதன் வேலை.
7. கலெக்டரிலிருந்து இன்னொரு 104 வழியாக வால்யூம் கன்ட்ரோலின் 3ஆம் கால். 1ஆம் கால் கிரவுண்டுக்கு. நடுக்கால் வெளியீடு.
8. இரண்டு 1என்4148 டயோடுகளை எதிரெதிர்த் திசையில் பக்கம் பக்கமாக இணைத்து, ஒரு முனையை 3ஆம் காலுக்கும் மறு முனையை டாகிள் சுவிட்ச் வழியாகக் கிரவுண்டுக்கும் கொடுக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் குறைத்து வைத்துவிட்டுத்தான் முதல் முறை வாசிக்க வேண்டும். 20 மடங்கு பெருக்கம் ஸ்பீக்கரையும் காதையும் ஒருசேரச் சோதிக்கும்.

குறிப்பு: டயோடுகளைச் சேர்த்ததும் ஒலி அளவு இறங்கும். இது பழுதல்ல; அலையின் தலை வெட்டப்பட்டதன் விளைவு. 1என்4148க்குப் பதில் இரண்டு சிவப்பு எல்ஈடிகளைப் போட்டால் வெட்டு சுமார் 1.7 வோல்ட்டுக்கு ஏறும். ஒலி அளவு கூடும், கரகரப்பு குறையும். மெல்லிசைக் குழுவில் மெட்டை அமுக்காமல் வாசிக்க இந்த எல்ஈடி வகைதான் பொருத்தம்.

இரண்டாம் கட்டம்: ஜிபி போர்டில் ஈயம் வைத்தல்

பிரெட்போர்டில் வேலை செய்ததைக் கழற்றாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு செட் சாமான்களை வாங்கி ஜிபி போர்டில் ஏற்றுவதே நல்ல முறை. சந்தேகம் வந்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். உள்ளீடு இடது ஓரத்திலும் வெளியீடு வலது ஓரத்திலும் வரும்படி சாமான்களை வரிசையாக வைக்க வேண்டும். போர்டின் ஒரு விளிம்பு முழுவதும் ஒரு வெறும் கம்பியை ஓட்டி அதையே கிரவுண்டாகக் கொண்டால், கிரவுண்டு இணைப்பு எதுவும் விட்டுப்போகாது.

அயர்ன் முனை செம்பு வளையத்தையும் சாமானின் காலையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இரண்டு மூன்று விநாடி சூடேறியதும் ஈயக் கம்பியை இணைப்பில் வைக்க வேண்டும், அயர்ன் முனையில் அல்ல. ஈயம் தானாகப் பரவிக் கூம்பாக நின்றால் நல்ல இணைப்பு. உருண்டையாகத் திரண்டு காலைச் சுற்றி மெல்லிய வளையம் தெரிந்தால் அது மெக்கானிக்குகள் சொல்லும் டிரை சால்டர். பார்க்க ஒட்டியதுபோல இருக்கும், மேடை அதிர்வில் விட்டுப்போகும். டிரான்சிஸ்டரை நேராக ஒட்டாமல் மூன்று கால் சாக்கெட் போட்டால் பிறகு வேறு வகைகளை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

முடித்ததும் மறுபடி அந்த நான்கு அளவுகளை எடுக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்து முடுக்கிய பிறகு அளப்பதில் பயனில்லை.

மூன்றாம் கட்டம்: பெட்டியும் வயரிங்கும்

துளைகள் அனைத்தையும் போர்டை உள்ளே வைப்பதற்கு முன்பே போட்டு, சீவலைத் துடைத்துவிட வேண்டும். ஒரு சிறு அலுமினியச் சுருள் போர்டின் கீழே சிக்கினால் போதும், காரணமே தெரியாமல் பெடல் நின்று நின்று ஓடும். கால் சுவிட்சுக்கு 12 மி.மீ., சாக்கெட்டுக்கு 10 மி.மீ. துளை பொதுவாகச் சரியாக இருக்கும். வால்யூம் கன்ட்ரோலின் கழுத்தை அளந்துவிட்டுத் துளையிட வேண்டும். முதலில் ஆணியால் புள்ளி குத்தி, 3 மி.மீ. துளை போட்டு, பிறகு பெரிதாக்க வேண்டும்.

3பிடிடி சுவிட்சின் ஒன்பது கால்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை. மூன்று தனித்தனிச் சுவிட்சுகள் ஒரே மிதியில் இயங்குகின்றன. ஒவ்வொன்றிலும் நடுக்கால் பொது. மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, மிதிக்கும்போது எந்த நடுக்கால் எந்த ஓரக்காலோடு சேர்கிறது என்று பார்த்து, மேல் வரிசை 1, 2, 3; நடு வரிசை 4, 5, 6; கீழ் வரிசை 7, 8, 9 என்று எழுதிக்கொள்ள வேண்டும். 4ஆம் கால் 1 அல்லது 7ஓடு சேர்ந்தால் பிடித்த திசை சரி.

1. 4ஆம் கால்: உள்ளீட்டு சாக்கெட்டின் நுனி முனை.
2. 7ஆம் கால்: போர்டின் உள்ளீடு.
3. 6ஆம் கால்: வெளியீட்டு சாக்கெட்டின் நுனி முனை.
4. 9ஆம் கால்: வால்யூம் கன்ட்ரோலின் நடுக்கால்.
5. 1ஆம் காலையும் 3ஆம் காலையும் ஒரு துண்டு வயரால் இணைக்க வேண்டும். பெடலை அணைத்தால் கிட்டார் இந்த வழியாக நேராகப் போகும்.
6. 5ஆம் கால்: கிரவுண்டு. 8ஆம் கால்: எல்ஈடியின் குட்டைக் கால். எல்ஈடியின் நெட்டைக் கால் 4.7 கே வழியாக 9 வோல்ட்டுக்கு.
7. 2ஆம் காலை 7ஆம் காலோடு இணைத்தால், பெடல் அணைந்திருக்கும்போது போர்டின் உள்ளீடு கிரவுண்டாகி, இரைச்சல் கசியாது.

இந்தச் சுவிட்சின் உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறது. ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் அயர்னை வைத்தால் உருகி, சுவிட்ச் மிதிபடாமல் போகும். ஒரு காலை ஒட்டியதும் அது ஆறும்வரை வேறு மூலையில் உள்ள காலுக்குப் போக வேண்டும்.

பேட்டரியின் மைனஸ் வயரை உள்ளீட்டு ஸ்டீரியோ சாக்கெட்டின் நடு வளைய முனையில் கொடுத்தால், கிட்டார் பின்னைச் செருகும்போது மட்டும் மின்சாரம் ஓடும். போர்டு இழுப்பது அரை மில்லி ஆம்பியர். எல்ஈடி இழுப்பது ஒன்றரை. பேட்டரியைத் தின்பது விளக்குதான். வாசித்து முடித்ததும் பின்னை உருவி வைக்க வேண்டும்.

அடாப்டரில்தான் பலருக்குச் சறுக்கல் நடக்கிறது. உலகம் முழுவதும் பெடல்களுக்குப் பொதுவான வழக்கம் 9 வோல்ட், நடுமுனை மைனஸ். வீட்டில் கிடைக்கும் வைஃபை ரவுட்டர், சிசிடிவி அடாப்டர்களோ 12 வோல்ட், நடுமுனை பிளஸ். பின் அளவு ஒன்றாக இருப்பதால் தயங்காமல் உள்ளே போகும். நம் சுற்றில் 1என்5819 காவல் இருப்பதால் ஒன்றும் ஆகாது, பெடல் வேலை செய்யாது, அவ்வளவே. கடையில் வாங்கிய பெடலில் அந்தக் காவல் இருக்கும் என்று சொல்ல முடியாது. நடுமுனை மைனஸ் என்றால் டிசி சாக்கெட்டின் வெளி வளையம் பிளஸ். உலோக உடல் கொண்ட டிசி சாக்கெட்டைப் போட்டால் அது பெட்டியைத் தொட்டு ஷார்ட் ஆகும். அதனால்தான் மேலே பிளாஸ்டிக் சாக்கெட் என்று குறிப்பிடப்பட்டது.

போர்டுக்கும் வால்யூம் கன்ட்ரோலின் முதுகுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்துவிட்டு மூடியைத் திருகலாம்.

பழுது பார்த்தல்

சாமானை மாற்றிப் பார்ப்பது கடைசி வேலை. ஒலி எந்த இடம்வரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று தேடுவதே முதல் வேலை. கீழ்க்கண்ட வரிசையை மாற்றாமல் போக வேண்டும்.

1. கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகிப் பார்க்க வேண்டும். பழுது கேபிளில் இருப்பது அடிக்கடி நடப்பது.
2. பெடலை அணைத்த நிலையில் ஒலி வருகிறதா? வராவிட்டால் போர்டைத் தொடவே வேண்டாம். கோளாறு சாக்கெட்டிலோ, சுவிட்சிலோ, 1க்கும் 3க்கும் நடுவேயுள்ள துண்டு வயரிலோதான்.
3. எல்ஈடி எரிகிறதா? எரியாவிட்டால் பேட்டரி, ஸ்டீரியோ சாக்கெட்டின் வளைய முனை, எல்ஈடி திருப்பிப் போடப்பட்டிருப்பது என்ற வரிசையில் பார்க்க வேண்டும்.
4. எல்ஈடி எரிந்தும் ஒலி இல்லை என்றால் நான்கு அளவுகளை எடுக்க வேண்டும்.

கலெக்டரில் ஏறத்தாழ முழு 9 வோல்ட் நின்றால் டிரான்சிஸ்டர் உறங்குகிறது. பேஸில் வோல்ட் இல்லையென்றால் 470 கே இணைப்பு விட்டிருக்கும். பேஸில் வோல்ட் இருந்தும் எமிட்டரில் இல்லையென்றால் டிரான்சிஸ்டர் போயிருக்கும் அல்லது கால்கள் இடம் மாறியிருக்கும். கலெக்டரில் அரை வோல்ட்டுக்கும் கீழே இருந்தால் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்துகிடக்கிறது: 470 கேவும் 47 கேவும் இடம் மாறியிருக்கும், அல்லது 47 கேயின் கிரவுண்டு பக்கம் ஒட்டாமல் இருக்கும். கலெக்டரில் ஒன்றுமே இல்லை, 9 வோல்ட் வரிசையிலும் ஒன்றுமில்லை என்றால் 1என்5819 திருப்பிப் போடப்பட்டிருக்கலாம். எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறிய டிரான்சிஸ்டர் ஒலியை முழுதாக நிறுத்தாது, மெலிந்த ஒலி வரும். அதனால் அந்தத் தவறு நெடுநாள் பிடிபடாமல் இருக்கும்.

5. வோல்ட் எல்லாம் சரி, ஒலி மட்டும் இல்லையென்றால் ஒலி துழாவிதான் வழி. பழைய கிட்டார் கேபிளின் ஒரு முனையை வெட்டி, மேல் பின்னலில் ஒரு முதலை கிளிப்பையும் நடுவயரில் ஒரு 104 கெப்பாசிட்டரையும் ஒட்டினால் துழாவி தயார். கிளிப் கிரவுண்டில், கேபிளின் மறு முனை ஆம்ப்ளிஃபயரில், ஒலி குறைவாக. பெடலின் உள்ளீட்டுக்கு மொபைலிலிருந்து ஒரு பாட்டை மெல்ல ஓடவிட்டு, கெப்பாசிட்டரின் காலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டு வர வேண்டும்: உள்ளீட்டு சாக்கெட், சுவிட்சின் 4, 7, பேஸ், கலெக்டர், வால்யூமின் 3ஆம் கால், நடுக்கால், சுவிட்சின் 9, 6, வெளியீட்டு சாக்கெட். பேஸில் மெல்லிதாகவும் கலெக்டரில் உரக்கவும் கேட்க வேண்டும். பாட்டு எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் பழுது.

எச்சரிக்கை: இந்தத் துழாவியை 9 வோல்ட் பெடலில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் பழைய டிவிக்குள்ளும் நூற்றுக்கணக்கான வோல்ட் உண்டு. அங்கே இதை நீட்டுவது உயிரோடு விளையாடுவது.

ஒலி வந்தும் குணம் கெட்டிருக்கும் வேளைகள் சில:

- ஒலி மெலிந்து, தடித்த கம்பிகளின் கனம் போய்விட்டால் 104க்குப் பதில் 102 கெப்பாசிட்டர் விழுந்திருக்கும்.
- வால்யூம் தலைகீழாக வேலை செய்தால் 1, 3 கால்கள் மாறியுள்ளன.
- வால்யூமைத் திருப்பும்போது கரகரத்தால், வெளியீட்டுக் கெப்பாசிட்டர் கசிகிறது அல்லது கன்ட்ரோலுக்குள் தூசி சேர்ந்துள்ளது. நடுக்காலில் டிசி வோல்ட் காட்டினால் கெப்பாசிட்டர்தான்.
- கூவினால், உள்ளீட்டு வயரும் வெளியீட்டு வயரும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. இரண்டையும் பெட்டியின் எதிரெதிர் ஓரங்களுக்குத் தள்ள வேண்டும்.
- வானொலி கேட்டால் பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 100 பிக்கோ ஃபாரட் (101) போட வேண்டும்.
- டாகிளைப் போட்டதும் ஒலியே நின்றால் டயோடு ஒன்று ஷார்ட். ஒலி பாதி மட்டும் வெட்டுப்பட்டதுபோல் இருந்தால் இரண்டு டயோடும் ஒரே திசையில் உள்ளன.

'உம்' இரைச்சலும் மேடை எர்த்தும்

பெடலைக் குற்றம் சொல்வதற்கு முன் அதைப் பேட்டரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பேட்டரியில் அமைதியாகவும் அடாப்டரில் 'உம்' என்றும் இருந்தால் குற்றவாளி அடாப்டர். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் உள்ளே ஷீல்டு போதவில்லை. கிட்டாரைப் பிடித்தபடி திரும்பி நின்றால் இரைச்சல் மாறினால், பிக்அப் பக்கத்திலுள்ள டிரான்ஸ்ஃபார்மரையோ சீரியல் செட்டையோ பிடிக்கிறது. திருவிழா மேடையில் மூன்று தொல்லைகள் சேர்ந்தே வரும்: ஜெனரேட்டர், அலங்கார விளக்கு, ஒரே சுருளில் கிடக்கும் பவர் கேபிளும் சிக்னல் கேபிளும். இரண்டு கேபிள்களையும் பிரித்துப் போட்டாலே பாதி குறையும்.

இரைச்சலை நிறுத்த ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதும், எர்த் வயரைக் கழற்றுவதும் இன்னும் நடக்கிறது. அதைச் செய்யவே கூடாது. 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சி நகர மேடையில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி, சரியாக எர்த் இல்லாத மைக்கைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்து இறந்தார். கை கிட்டார் கம்பியில், உதடு மைக்கில் என்ற நிலையில் இரண்டுக்கும் நடுவே வோல்ட் வேறுபாடு இருந்தால் அது உடல் வழியாகத்தான் ஓடும். வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி நிலையில், உயர்ந்த அளவில் வைத்து, ஒரு முனையை மைக்கின் வலையிலும் மறு முனையை கிட்டார் கம்பியிலும் வைத்து அளக்க வேண்டும். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஒலி அமைப்பாளர் எர்த்தைச் சரிசெய்யும்வரை மேடையேறக் கூடாது. ஆம்ப்ளிஃபயரும் மைக் செட்டும் ஒரே எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுப்பதும், அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்புச் சுவிட்ச் (ஆர்சிசிபி) இருப்பதும் சரியான ஏற்பாடு.

ஈரமும் வெயிலும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரம் சாக்கெட்டுகளில் களிம்பு பிடிக்க வைக்கும். கான்டாக்ட் கிளீனரை ஒரு துளி பின்னில் தடவி நாலைந்து முறை செருகி எடுத்தால் சரியாகும். போர்டில் மிஞ்சிய ரோசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் கொண்டு கழுவிவிட்டால் அதில் ஈரம் ஒட்டாது. மாதக்கணக்கில் பயன்படுத்தாத பெடலில் பேட்டரியை விட்டு வைத்தால் அது கசிந்து கிளிப்பை அரித்துவிடும்.

அடுத்த பெடலாக ஃபஸ் ஃபேஸைக் கட்ட ஆசைப்படுபவர்கள் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரைத் தேடுவார்கள். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962 முதல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைத் தயாரித்தது. அதன் ஏசி128 பழைய ரேடியோக்களில் இன்றும் கிடைக்கிறது. ஆனால் ஏசி128 பிஎன்பி வகை. அதற்குப் பிளஸ்தான் கிரவுண்டு. மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரைப் பகிர்ந்தால் ஷார்ட் ஆகும். மேலும் ஜெர்மானியத்தின் கசிவு வெப்பத்தோடு வேகமாக ஏறும். காலையில் சரியாக வைத்த கலெக்டர் வோல்ட் சித்திரை வெயிலில் நண்பகல் மேடையில் வேறாக இருக்கும், ஒலி திணறும். ஃபஸ் ஃபேஸே பின்னாளில் பிசி108 என்ற சிலிக்கான் டிரான்சிஸ்டருக்கு மாறியது. பிசி547, பிசி549 அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. புதுச்சேரி வெயிலில் திறந்த மேடையில் வாசிப்பவருக்குச் சிலிக்கானே ஏற்றது. ஏசி128 கிடைத்தால் அதை வீட்டில் வாசிக்கும் பெடலுக்கு வைத்துக்கொள்ளலாம்.